குறை சொல்றதுக்கும் ஒரு வரலாறு இருக்கு

(எபிசோட்டின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களைக் குறைச்சிருக்கோம். மத்தபடி பேசினது பேசினபடியே.)

இன்னைக்கு எபிசோட்டை ஒரு குளத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். காலேஜ் மூணாவது வருஷம் ஒரு ராத்திரி, ஹாஸ்டல் ரூம்ல உக்காந்து, ஒரு இணையக் கலைக்களஞ்சியத்துல அந்தக் குளத்தைப் பத்தி நாலு பத்தி எழுதினேன். அதுதான் என்னோட முதல் பங்களிப்பு. "மதுரையிலேயே மிக அழகான இடம்" அப்படின்னு ஒரு வரி. "பார்த்தவர் மனதை விட்டு அகலாது" அப்படின்னு இன்னொரு வரி. காலையில எழுந்து பார்த்தா ரெண்டு வரியும் காணோம்.

என் பேச்சுப் பக்கத்துல ஒரு செய்தி மட்டும் இருந்துச்சு. யாருன்னே தெரியாத ஒருத்தர் எழுதியிருந்தார். மைய மண்டபம் பத்தின பகுதி நல்லா வந்திருக்கு. அழகுங்கிறது உங்க கருத்து, அதனால அந்த வரிகளை எடுத்துட்டேன். குளத்தோட நீள அகலம் ஏதாவது புத்தகத்துல கிடைச்சா சேருங்க, கட்டுரைக்கு உதவும். மொத்தமே அவ்வளவுதான்.

ரெண்டு நாள் எனக்குச் செம கோவம். தெப்பக்குளம் அழகுன்னு சொல்றதுக்கு ஆதாரம் கேக்குறாரா மனுஷன்? நேர்ல வந்து பாருய்யா! மூணாவது நாள், காலேஜ் லைப்ரரியில மதுரை பத்தின புத்தகங்கள் எந்த அலமாரியில இருக்குன்னு கேட்டுட்டு நின்னேன்.

நான் ஏன் போனேன்? திட்டிட்டு விலகிப் போயிருக்கலாமே? இது ரொம்ப நாளா என் மண்டையில ஓடிட்டு இருக்குற கேள்வி. ஆபீஸ்ல தினமும் கோட் ரிவ்யூ பண்றேன், என் கோடையும் மத்தவங்க ரிவ்யூ பண்றாங்க. ஒரே தப்பை ஒருத்தர் சொன்னா திருத்தத் தோணுது, இன்னொருத்தர் சொன்னா ரிசைன் பண்ணத் தோணுது. இந்த வித்தியாசம் எங்க இருந்து வருது? இதுக்குப் பதில் தேடப் போனப்போ, விக்கிப்பீடியாவோட வரலாறே கிட்டத்தட்ட இந்த ஒரு கேள்வியைச் சுத்தித்தான் நடந்திருக்குன்னு தெரிஞ்சுது. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

ஏழு படிக்கட்டு

2000 மார்ச். விக்கிப்பீடியா இன்னும் பிறக்கல. ஜிம்மி வேல்ஸ் நடத்தின கம்பெனி 'நூபீடியா'ன்னு ஒரு இலவசக் கலைக்களஞ்சியத்தை ஆரம்பிக்குது. அதுக்குத் தலைமை ஆசிரியர் லாரி சாங்கர், தத்துவம் படிச்சவர். துறை நிபுணர்கள்தான் எழுதணும், நிபுணர்கள்தான் சரிபார்க்கணும். முடிஞ்சா டாக்டர் பட்டம் வாங்கினவங்களா இருக்கணும்.

ஒரு கட்டுரை வெளிவரணும்னா ஏழு கட்டம் தாண்டணும். முதல்ல தலைப்பை ஒருத்தருக்கு ஒதுக்கணும். அப்புறம் முதன்மை மதிப்பீட்டாளரைத் தேடணும், அவர் பார்க்கணும், அதுக்கப்புறம் எல்லாரும் பார்க்கணும். பிறகு மொழி திருத்தம், அதுவும் ரெண்டு சுற்று. கடைசியா ஒப்புதல். நம்ம ஊர்ல பட்டா மாத்தப் போனா ஒவ்வொரு டேபிளா சுத்துவோமே, அந்த மாதிரி.

முதல் வருஷத்துல இந்த ஏழு கட்டத்தையும் தாண்டி வெளிய வந்த கட்டுரைகள் எத்தனை தெரியுமா? 21.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், ஜிம்மி வேல்ஸே இதுல மாட்டிக்கிட்டதுதான். அவர் நிதித்துறை படிச்சவர். நோபல் வாங்கின பொருளாதார அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் பத்தி நூபீடியாவுக்கு ஒரு கட்டுரை எழுதலாம்னு உக்காந்திருக்கார். நல்லாத் தெரிஞ்ச விஷயம்தான். ஆனா தன்னோட வரைவைப் பெரிய பெரிய நிதித்துறைப் பேராசிரியர்கள் படிச்சுக் குறை சொல்லப் போறாங்கன்னு நினைச்சதும் கை ஓடல. திரும்பக் கல்லூரியில அசைன்மென்ட் எழுதுற மாதிரி இருந்துச்சுன்னு பின்னாடி பல இடங்கள்ல சொல்லியிருக்கார். இந்த முறை வேலைக்கு ஆகாதுன்னு அவருக்குப் புரிஞ்சது அந்த இடத்துலதான்.

கவனிங்க, அங்க யாரும் அவரைத் திட்டல. குறை வரப்போகுதுங்கிற பயமே போதுமா இருந்துச்சு. அதுவும் காசு கிடையாது, மார்க் கிடையாது, சும்மா ஆர்வத்துல செய்ற வேலை. அதுக்குப் போய் யார் ஏழு படி ஏறுவாங்க?

முதல்ல போடு, அப்புறம் பேசிக்கலாம்

2001 ஜனவரி 2. சான் டியாகோவுல ஒரு ராத்திரி சாப்பாடு. பென் கோவிட்ஸ்னு ஒரு புரோகிராமர் நண்பர், சாங்கர்கிட்ட 'விக்கி' பத்திச் சொல்றார். அது வார்ட் கன்னிங்ஹாம் 1995-ல உருவாக்கின ஐடியா. யார் வேணாலும் எந்தப் பக்கத்தையும் திருத்தலாம். ஹவாய் மொழியில 'விக்கி'ன்னா வேகம். ஹோனலூலு ஏர்போர்ட்ல ஓடின 'விக்கி விக்கி' பஸ் பேருல இருந்து அவர் எடுத்தது.

ஜனவரி 15-ல விக்கிப்பீடியா ஆரம்பிக்குது. நூபீடியாவுக்குக் கச்சாப்பொருள் தர்ற ஒரு பக்க வேலையாத்தான் அதை யோசிச்சாங்க. முதல் மாசத்துலயே சுமார் 200 கட்டுரைகள். அந்த வருஷக் கடைசியில சுமார் 20,000 கட்டுரைகள், 18 மொழிகள்ல. நூபீடியா 2003-ல மூடப்பட்டுச்சு.

இந்தக் கதையைப் பொதுவா எப்படிச் சொல்வாங்கன்னா, "தடையை எடுத்தாங்க, எல்லாரும் எழுதினாங்க". எனக்கு அது பாதிக் கதைன்னு தோணுது. குறை சொல்றது எங்கயும் போகல. முன்னாடி நடந்தது பின்னாடி நடக்க ஆரம்பிச்சது, அவ்வளவுதான். நூபீடியாவுல ஒரு பேராசிரியர் உங்க கட்டுரையை வெளியிடும் முன்னாடி பார்ப்பார். விக்கிப்பீடியாவுல வெளியிட்ட அடுத்த நிமிஷம் யார் வேணாலும் பார்ப்பாங்க, மாத்துவாங்க, அழிப்பாங்க. கொஞ்சம் யோசிச்சா இதுதான் இன்னும் பயங்கரம்!

அதைத் தாங்கிக்க முடிஞ்சதுக்குக் காரணம் ரெண்டு சின்ன அமைப்புகள். ஒண்ணு, 'வரலாறு'. யார், எப்போ, எதை மாத்தினாங்கன்னு எல்லாம் பதிவாகும். நீங்க எழுதினது அழிஞ்சு போகாது, ஒரே கிளிக்குல திரும்பக் கொண்டு வரலாம். இன்னொண்ணு, கட்டுரையோட ஒட்டியே இருக்குற பேச்சுப் பக்கம். ஏன் எடுத்தீங்கன்னு கேட்கலாம், கேட்டா பதில் வரும். நம்ம தொழில்ல இருக்குறவங்களுக்குச் சட்டுனு புரியும்: கிட் ஹிஸ்டரியும் புல் ரிக்வெஸ்ட் கமெண்ட்டும் மாதிரி. அதோட சில வழக்கங்களும் சேர்ந்துச்சு. எதிர்ல இருக்குறவர் நல்ல எண்ணத்தோடதான் செஞ்சிருப்பார்னு எடுத்துக்கோ. புதுசா வர்றவங்களைக் கடிச்சு வைக்காதே. கட்டுரையைப் பத்திப் பேசு, ஆளைப் பத்திப் பேசாதே.

ஒரு பொய், நாலு மாசம்

அப்புறம் 2005-ல ஒரு சம்பவம். ஜான் சீகன்தாலர், அமெரிக்காவோட மூத்த பத்திரிகையாளர். 60-கள்ல ராபர்ட் கென்னடிகிட்ட உதவியாளரா இருந்தவர். யாரோ ஒருத்தர் பேர் சொல்லாம, ஜான் கென்னடி, ராபர்ட் கென்னடி ரெண்டு பேர் கொலையிலயும் இவர் மேல சந்தேகம் இருந்துச்சுன்னு விக்கிப்பீடியாவுல எழுதிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பொய் நாலு மாசத்துக்கு மேல யார் கண்ணுலயும் படாம அங்கயே கிடந்துச்சு. நவம்பர்ல சீகன்தாலரே யூஎஸ்ஏ டுடே பத்திரிகையில இதைப் பத்தி எழுதினார். நாடு முழுக்கப் பேச்சாச்சு. அடுத்த மாசமே, கணக்கு இல்லாதவங்க ஆங்கில விக்கிப்பீடியாவுல புதுக் கட்டுரை தொடங்க முடியாதுன்னு மாத்தினாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, அடுத்து வர்ற கதையில கெட்டவங்கன்னு யாரும் கிடையாது. ஒரு மனுஷனோட பேரே கெட்டுப் போகுது. பார்த்துக்கிறது சம்பளமே இல்லாத தன்னார்வலர்கள். ஒவ்வொரு நிமிஷமும் திருத்தங்கள் கொட்டுது. என்ன பண்ணுவீங்க? எஞ்சினியர் பண்றதைத்தான் அவங்களும் பண்ணாங்க. ஆட்டோமேட் பண்ணாங்க.

ஒரு கீ தட்டினா போதும்

எச்சரிக்கைச் செய்திகளுக்கு டெம்ப்ளேட் வந்துச்சு. முதல் நிலை கொஞ்சம் மென்மை, நாலாவது நிலை கடைசி எச்சரிக்கை. 2008 வாக்குல 'ஹக்கிள்' மாதிரி கருவிகள் வந்துச்சு. புதுத் திருத்தங்கள் வரிசையா உங்க முன்னாடி வந்துட்டே இருக்கும். ஒரு கீ தட்டினா அந்தத் திருத்தம் போயிடும், எழுதினவருக்கு ஒரு எச்சரிக்கையும் தானா போயிடும். அடுத்தது. அடுத்தது. அடுத்தது. பாட்களும் சேர்ந்துக்கிச்சு. குப்பைகள் வேகமா போச்சு. உண்மையிலயே நல்ல பொறியியல்.

ஆனா 2007-ல உச்சத்துல இருந்த ஆங்கில விக்கிப்பீடியாவோட சுறுசுறுப்பான தொகுப்பாளர் எண்ணிக்கை அதுக்கப்புறம் இறங்க ஆரம்பிச்சது. 2013-க்குள்ள மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிடுச்சு. வந்தவங்க தங்கல.

அந்த வருஷம் ஆரன் ஹாஃபேக்கரும் அவரோட சக ஆய்வாளர்களும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒருவேளை புதுசா வர்றவங்க தரம் குறைஞ்சிடுச்சோ? அப்படி இல்லை. நல்ல எண்ணத்தோட வர்றவங்க விகிதம் பெருசா மாறல. மாறினது அவங்களுக்குக் கிடைச்ச வரவேற்பு. அவங்க எழுதினது நிராகரிக்கப்படுறது அதிகமாச்சு, அதுல பெரிய பங்கு இந்தக் கருவிகளுக்கு. பெருகி வந்த கூட்டத்தைச் சமாளிக்கக் கட்டின அமைப்பே, கூட்டம் வளர்றதை நிறுத்திடுச்சு.

இந்த இடத்துலதான் என் லைப்ரரி கேள்விக்குப் பாதி பதில் கிடைச்சுது. எனக்குச் செய்தி அனுப்பினவர் என் கட்டுரையைப் படிச்சிருந்தார். மைய மண்டபம்னு எழுதியிருந்தாரே, அதை ஒரு டெம்ப்ளேட்டால எழுத முடியாது. எனக்காக ஒருத்தர் அஞ்சு நிமிஷம் செலவு பண்ணியிருக்கார்னு அந்த ஒரு வார்த்தையில தெரிஞ்சுது. குறை சொல்றதுக்கு ஆகுற செலவு பூஜ்யமானதும், கேக்குறவருக்கு அது குறையாத் தெரியல. கதவைச் சாத்துற சத்தமாத்தான் கேக்குது.

பாராட்டு பக்கமும் இதே கதைதான். விக்கிப்பீடியாவுல 2003 கடைசியில இருந்து 'பார்ன்ஸ்டார்'னு ஒரு பதக்கம் உண்டு. யார் வேணாலும் யாருக்கு வேணாலும் தரலாம். காசு கிடையாது, அதிகாரம் கிடையாது, வெறும் ஒரு படமும் ரெண்டு வரியும். 2012-ல ரெண்டு சமூகவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. அதிகம் உழைக்கிற முதல் 1 சதவீதத் தொகுப்பாளர்கள்ல, இதுவரை பதக்கமே வாங்காத 200 பேரை எடுத்து, குலுக்கல் மாதிரி பாதிப் பேருக்கு மட்டும் பதக்கம் கொடுத்தாங்க. வாங்கினவங்க உழைப்பு, வாங்காதவங்களோட ஒப்பிட்டா 60 சதவீதம் அதிகம். "நீ செய்றதை நான் பார்த்தேன்" அப்படிங்கிற ஒரு வரிக்கு இவ்வளவு பலம்.

ஆலமரத்தடியில் கூகுள்

இப்போ நம்ம பக்கம் வருவோம். தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. பொது விவாதம் நடக்குற இடத்துக்கு அங்க என்ன பேர் தெரியுமா? ஆலமரத்தடி. எனக்கு ரொம்பப் பிடிச்ச பேர்.

2009, 2010 வாக்குல கூகுள் ஒரு திட்டம் நடத்துச்சு. தன்னோட மொழிபெயர்ப்புக் கருவியை வெச்சு, காசு கொடுத்து மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளுக்குக் கொண்டு வந்தாங்க. கட்டுரைகள் நீளமா இருந்துச்சு. ஆனா வாக்கியம் இயந்திரத்தனம், எழுத்துப்பிழை, இல்லாத பக்கங்களுக்குப் போற சிவப்பு இணைப்புகள். தலைப்புகளும் தமிழ் வாசகர் தேடுறதா இல்லை. எல்லாத்தையும் விடப் பெரிய பிரச்சினை, பேச்சுப் பக்கத்துல எழுதினா பதில் வராது. போட்டுட்டுப் போயிட்டாங்க. ஆங்கிலத்துல புதுசா வந்தவர் கருவி முன்னாடி தனியா நின்னார்னு பார்த்தோமே, இங்க அது தலைகீழ். குறை சொல்ல ஆள் இருக்காங்க, கேக்குறதுக்குத்தான் மறுபக்கம் ஆள் இல்லை.

வங்காள விக்கிப்பீடியர்கள் வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. தமிழ்ல வேற வழி எடுத்தாங்க. முதல்ல பேசுறதுக்கு ஆளைப் பிடிச்சாங்க. குறைகளை உதாரணத்தோட பட்டியல் போட்டாங்க. ஏற்கெனவே போட்டதைச் சரி பண்ணுங்க, அப்புறம் புதுசு போடலாம்னு கேட்டாங்க. 2010 ஜூலையில போலந்து நாட்டு கதான்ஸ்க் நகர்ல நடந்த விக்கிமேனியா மாநாட்டுல, ஒரு தமிழ் விக்கிப்பீடியர் இந்தத் திட்டத்தைப் பத்தின மதிப்பீட்டை உலகத்து முன்னாடியே வெச்சார். நினைச்சுப் பாருங்க. ஒரு பக்கம் உலகத்தோட பெரிய கம்பெனிகள்ல ஒண்ணு. இன்னொரு பக்கம் ஆபீஸ் முடிஞ்சு வந்து தொகுக்குற கொஞ்சம் பேர். குறை சொல்ல அதிகாரம் தேவையில்லை, கட்டுரையை உண்மையிலயே படிச்சிருந்தா போதும்னு எனக்குக் காட்டின சம்பவம் இது.

மூணே மூணு திருத்தம்

சரி. இவ்வளவு நியாயம் பேசிட்டு, என் கதையைச் சொல்லாம போனா அது ஏமாத்து.

காலேஜ் முடிஞ்சு வேலைக்குச் சேர்ந்தேன். தொகுக்குறதும் தொடர்ந்துச்சு. ஆயிரக்கணக்குல திருத்தங்கள் சேர்ந்ததும் எனக்கும் ஒரு கெத்து வந்துடுச்சு. ஒருநாள் ராத்திரி புதுப் பக்கங்களை வரிசையா பார்த்துட்டு இருந்தேன். ஒருத்தர் தன் தாத்தாவைப் பத்தி எழுதியிருந்தார். தெருக்கூத்துக் கலைஞர். எந்தெந்த வேஷம் கட்டினார், எந்த ஊர்கள்ல ஆடினார்னு எல்லாம் இருந்துச்சு. ஆதாரம் ஒண்ணுகூட இல்லை. நீக்கல் அறிவிப்பு, ஒரு எச்சரிக்கை டெம்ப்ளேட், அடுத்த பக்கம். பத்து செகண்ட் ஆகியிருக்குமா?

மறுநாள் அவர் என் பேச்சுப் பக்கத்துல கேட்டிருந்தார்: "என்ன ஆதாரம் வேண்டும்? அவர் ஆடியதைப் பார்த்த ஊரே இருக்கிறது." நான் ஒரு விதிப் பக்கத்தோட இணைப்பை ஒட்டினேன். ஒரு வார்த்தைகூட சொந்தமா எழுதல. கட்டுரை நீக்கப்பட்டுச்சு.

போன வாரம் இந்த எபிசோடுக்காக அவரோட பங்களிப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மொத்தம் மூணு திருத்தம். அதுக்கப்புறம் அவர் வரவே இல்லை.

நான் எடுத்த முடிவு தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். அச்சுல வந்த ஆதாரம் இல்லாம ஒருத்தரைப் பத்தி எழுத விட்டா என்ன ஆகும்னு சீகன்தாலர் கதையில பார்த்தோம். ஆனா அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. அச்சேறாத அறிவை என்ன செய்றதுங்கிற கேள்வி அது. 2011-லயே அச்சல் பிரபாலா இதே கேள்வியோட இந்தியாவுலயும் தென்னாப்பிரிக்காவுலயும் சுத்தி, வாய்மொழிச் சான்றுகளைப் பதிவு பண்ணி, 'பீப்பிள் ஆர் நாலெட்ஜ்'னு ஒரு ஆவணப்படமே எடுத்தாங்க. விக்கிப்பீடியா உலகமே வாதாடிட்டு இருந்த கேள்வியை ஒருத்தர் என் பக்கத்துல வந்து கேட்டிருக்கார். நான் லிங்க் கொடுத்து அனுப்பிட்டேன்.

மாவட்ட நூலகத்துல பழைய பத்திரிகைகளைப் பாருங்க, விருது ஏதாவது வாங்கினாரா, கூத்து பத்தின ஆய்வுப் புத்தகங்கள்ல பேர் வருதான்னு தேடுங்க. அதுவரைக்கும் உங்க மணல்தொட்டியில இதை வெச்சுக்கலாம். இவ்வளவுதான் எழுதியிருக்கணும். அஞ்சு நிமிஷம்.

விக்கிப்பீடியாவும் இதைப் புரிஞ்சுக்கிட்டு மாற ஆரம்பிச்சது. 2012-ல ஆங்கிலத்துல 'டீஹவுஸ்'னு ஓர் இடம் வந்துச்சு. நம்ம பாஷையில டீக்கடை. புதுசா வர்றவங்க எவ்வளவு சின்னக் கேள்வி கேட்டாலும் ஒரு மனுஷன் பதில் சொல்வார். அங்க அழைக்கப்பட்டவங்க அதிகமாத் தங்குறாங்கன்னு பின்னாடி வந்த ஆய்வு காட்டுச்சு. 2013-ல 'நன்றி' பட்டன் வந்துச்சு. 2015-ல ஹாஃபேக்கர் குழு 'ஓரெஸ்'னு ஒரு மெஷின் லேர்னிங் சேவையை வெளியிட்டாங்க. அதுல எனக்குப் பிடிச்ச டிசைன் முடிவு ஒண்ணு இருக்கு. ஒரு திருத்தத்தைப் பத்தி அது ரெண்டு கேள்வியைத் தனித்தனியா கேட்டுச்சு. இது கட்டுரையைக் கெடுக்குதா? இதைச் செஞ்சவர் நல்ல எண்ணத்துல செஞ்சாரா? கெடுக்குது, ஆனா நல்ல எண்ணம்தான். இப்படி ஒரு பதிலும் வரலாம்னு மெஷினுக்கே சொல்லிக் கொடுத்திருக்காங்க. அந்த ராத்திரி எனக்கு அது தெரியல.

இப்போ நான் ஒரு வழக்கம் வெச்சிருக்கேன். ஒருத்தரோட திருத்தத்தை எடுக்குறதுக்கு முன்னாடி அவர் மொத்தம் எத்தனை திருத்தம் செஞ்சிருக்கார்னு பார்ப்பேன். பத்துக்குக் கீழ இருந்தா டெம்ப்ளேட் கிடையாது. எது நல்லா இருக்கு, எதை ஏன் எடுத்தேன், அடுத்து என்ன செய்யலாம். தெப்பக்குளத்துக்கு எனக்கு வந்த அதே வரிசை. ஆபீஸ் கோட் ரிவ்யூவுலயும் இதைத்தான் பண்றேன். மெதுவாத்தான் போகுது. மேனேஜர்கிட்ட ஒரு தடவை கேள்வியும் வந்துச்சு.

அந்தக் கூத்துக் கலைஞரோட பேரன், இல்ல பேத்தி, யாருன்னு எனக்குத் தெரியாது. அவரோட பேச்சுப் பக்கத்துல போன வாரம் ஒரு பதில் எழுதினேன், நாலு வருஷம் லேட்டா. அவர் தாத்தா பேரைக் கூத்து பத்தின ரெண்டு புத்தகத்துல தேடிப் பார்த்தேன், இன்னும் கிடைக்கல. அடுத்து எங்க தேடலாம்னும் அதுலயே எழுதியிருக்கேன். படிப்பாரான்னு தெரியல.

இந்த எபிசோட்ல ஏதாவது தப்பு இருந்தா கண்டிப்பா சொல்லுங்க. ரெண்டு நாள் கோவமா இருப்பேன். மூணாவது நாள் திருத்திடுவேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.